திங்கட்கிழமை செங்கோட்டை

ரயில்வே உத்தியோகத்தில் இருந்த முப்பத்தொன்பது வருடத்தில் டில்லிக்கு நான் பதினான்கு முறை போயிருக்கிறேன். பதினான்கு முறையும் பார்த்தது ரயில் பவன் மாடிப்படி, புது டில்லி ஸ்டேஷன் பிளாட்பாரம், பஹாட்கஞ்சில் ஒரு பூரிக் கடை. இவ்வளவுதான். காலையில் இறங்கி, கையில் இருக்கும் பைலைக் கொடுத்துவிட்டு, ராத்திரி வண்டியில் நாகபுரிக்குத் திரும்பி விடுவேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி தவறாமல் கேட்பாள்: "குதுப் மினார் பார்த்தீங்களா?" "உன்னை விட்டுவிட்டு எப்படிப் பார்ப்பது? அடுத்த முறை சேர்ந்தே போகலாம்" என்பேன். சாமர்த்தியமான பதில்தான். ஆனால் அந்த 'அடுத்த முறை' வந்து சேர நாற்பது வருடம் ஆயிற்று.

உண்மையில் 1984-லேயே போயிருக்க வேண்டியது. அப்போது நான் ஆம்லாவில் இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம். பாஸ் எழுதி வாங்கி, நவம்பர் 3-ஆம் தேதிக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு பெர்த்தும் கிடைத்துவிட்டது. அவள் முறுக்குச் சுற்றி டப்பாவில் போட்டாயிற்று. அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுடப்பட்டார். அதன் பிறகு டில்லியில் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். டிக்கெட்டைக் கான்சல் செய்துவிட்டு, முறுக்கை ஸ்டேஷன் ஸ்டாபுக்குக் கொடுத்தோம். அதற்கடுத்த வருடம் மகள் பிறந்தாள். அப்புறம் நம் எல்லோர் வீட்டுக் கதைதான். வருடா வருடம் பாஸ் கிடைக்கும், வருடா வருடம் அது கும்பகோணத்துக்கே போகும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கை கல்யாணம், குலதெய்வத்துக்குப் பிரார்த்தனை. வடக்கே இருந்துகொண்டு வடக்கைப் பார்க்காதவர்கள் நம் சங்கத்தில் என்னைப் போல் எத்தனை பேர் என்று ஒரு கணக்கெடுத்தால் சுவாரசியமாக இருக்கும்.

2022-ல் அவளுக்குக் கண்ணில் க்ளாகோமா, அதாவது கண் அழுத்த நோய் என்று கண்டுபிடித்தார்கள். இதில் வலி கிடையாது. பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். (நாற்பது தாண்டிய அன்பர்கள் ஒரு தடவை கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்காது என்பதுதான் இந்த வியாதியின் பெரிய கெடுதல்.) இவளுக்கு நடுப்பார்வை நன்றாகவே இருக்கிறது. பேப்பர் படிப்பாள், ஊசியில் நூல் கோப்பாள். ஆனால் பக்கத்தில் வருகிற சைக்கிள் தெரியாது. "குழாய் வழியாப் பார்க்கிற மாதிரி இருக்கு" என்பாள்.

2024 மாசியில் என் மைத்துனர் மகள் டில்லி மயூர் விஹாரில் வாங்கிய ஃப்ளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். பத்திரிகை வந்த அன்று ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு அவள் சொன்னாள்: "ஏங்க, கண்ணு இருக்கிறப்பவே டில்லியைப் பார்த்துடலாமா?"

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையிலேயே டிக்கெட் போட்டேன்.

சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்து, திங்கள் ராத்திரி திரும்ப வேண்டும். நடுவில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விசேஷம். கையில் இருப்பது மொத்தம் ஒன்றரை நாள். ரயில்வேக்காரன் சும்மா இருப்பானா? நான் ஒரு டைம் டேபிள் போட்டேன். பதினோரு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் வரவு நேரம், புறப்பாடு நேரம். குதுப் மினாருக்கு 50 நிமிடம், செங்கோட்டைக்கு ஒன்றே கால் மணி, ஹுமாயூன் சமாதிக்கு 40 நிமிடம். வண்டி தாமதமானால் சரிக்கட்ட நாங்கள் 'ரிகவரி டைம்' என்று ஒன்று வைப்போம். அதையும் பத்துப் பத்து நிமிடமாகச் செருகியிருந்தேன். காகிதத்தை அவளிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தாள். "இதுல சாப்பாடு எங்கே?" என்றாள். அதை மறந்திருந்தேன்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பிற்பகல் ஏறி மறுநாள் காலை டில்லி. குளித்துச் சாப்பிட்டுவிட்டு மெட்ரோவில் கிளம்பினோம். ராஜீவ் சௌக்கில் மஞ்சள் லைனுக்கு மாறினால் குதுப் மினார் ஸ்டேஷன். அங்கிருந்து ஆட்டோ. போனிலேயே டிக்கெட் வாங்கினால் தலைக்கு 35 ரூபாய், வரிசையும் இல்லை.

உள்ளே போனதும் நான் வழக்கம்போல் ஒரே பார்வையில் மினாரைப் பார்த்து முடித்துவிட்டேன். உயரம் 72.5 மீட்டர், ஐந்து அடுக்கு, 379 படி. குத்புதீன் ஐபக் ஆரம்பித்தது, இல்துத்மிஷ் முடித்தது. 14-ஆம் நூற்றாண்டில் இடி விழுந்து சேதமானதைப் பிரோஸ் ஷா துக்ளக் பழுது பார்த்து மேலடுக்குகளைக் கட்டினார். எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "போகலாமா?" என்று திரும்பினேன். அவள் அடிவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளால் முழு மினாரையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு முழமாகப் பார்வையை மேலே நகர்த்திக்கொண்டு போனாள். தலை மெதுவாக நிமிர்ந்துகொண்டே போயிற்று. ஐந்து நிமிடம் கழித்துச் சொன்னாள்:

"கவனிச்சீங்களா? அடி அடுக்குல கோணம், வட்டம், கோணம், வட்டம்னு மாறி மாறி வருது. அதுக்கு மேலே வட்டம் மட்டும். அதுக்கும் மேலே கோணம் மட்டும்."

நான் கவனிக்கவில்லை. மறுபடி பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே சரி. கோபுரத்தின் உடம்பில் நெடுக ஓடும் புடைப்புகள் முதல் மூன்று அடுக்கிலும் மூன்று விதம். பாலத்தில் ஒரு ரிவெட் ஆடினாலே கண்டுபிடிக்கிறவன் என்று பெயர் வாங்கிய ஆசாமி நான்!

"மேலே ஏறலாமா?" என்று கேட்டாள். ஏற முடியாது. 1981 டிசம்பர் 4 அன்று உள்ளே விளக்கு அணைந்து, இருட்டில் நெரிசலாகி, 45 பேர் இறந்து போனார்கள். நிறையப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதிலிருந்து பொதுமக்களை ஏற விடுவதில்லை. "அப்ப 84-ல வந்திருந்தாலும் ஏறியிருக்க முடியாது" என்றாள். அதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது போல் பட்டது.

பக்கத்தில் புல்வெளியில் ஒரு கல் மண்டபம் தனியாக நிற்கிறது. 1803-ல் நிலநடுக்கத்தில் மினாரின் உச்சி விழுந்துவிட்டது. ராபர்ட் ஸ்மித் என்ற ராணுவ இன்ஜினீயர் 1828-ல் தன் ரசனைப்படி ஒரு மண்டபம் செய்து உச்சியில் வைத்தார். பொருந்தவே இல்லை. இருபது வருடம் கழித்து, ஹார்டிஞ்ச் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, அதை இறக்கிக் கீழே வைத்தார்கள். ஒரு இன்ஜினீயர் செய்த தப்பை இத்தனை காலம் புல்வெளியில் காட்சிக்கு வைத்திருப்பது எனக்கு என்னவோ போல் இருந்தது.

மினாரை விட எனக்கு முக்கியமானது அதன் அருகில் உள்ள பழைய மசூதியின் முன்சுவர். 1199 வாக்கில் கட்டியது. உயரமான வளைவுகள். பார்த்தால் வளைவு, ஆனால் இன்ஜினீயர் கண்ணுக்கு அது வளைவே அல்ல. கட்டியவர்கள் இந்த நாட்டு மேஸ்திரிகள். அவர்கள் கைக்குப் பழகியது தூணும் விட்டமும்தான். வளைவு வேண்டும் என்று கேட்டதும், கல்லைப் படுக்கை வசமாகவே வைத்து, ஒவ்வொரு வரிசையையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டி, இரண்டு பக்கமும் மேலே வந்து முட்டும்படி அடுக்கி, ஓரத்தை வளைவாகச் செதுக்கிக் கொடுத்துவிட்டார்கள். நம் தஞ்சைப் பெரிய கோயில் விமானமும், ராஜராஜன் 1010-ல் முடித்தது, உள்ளே இப்படித்தான் நீட்டி நீட்டி அடுக்கிய வேலை. நிஜமான ஆர்ச் வேறு. அதில் கற்கள் ஆப்பு வடிவத்தில் இருக்கும்; ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும்; உச்சியில் கடைசியாகச் சாவிக்கல்லை இறக்கிய பிறகுதான் சென்டரிங்கைப் பிரிக்க முடியும்.

அந்த நிஜமான ஆர்ச்சைப் பார்க்க ஐம்பது அடி நடந்தால் போதும். அலாவுதீன் கில்ஜி 1311-ல் கட்டிய அலாய் தர்வாஜா என்ற வாசல் அங்கேயே நிற்கிறது. ஆப்புக் கற்கள், சுத்தமான வளைவு, மேலே டோம். நூற்றுப்பத்து வருடத்தில் மேஸ்திரிகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்! பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம் வருகிற சமாசாரத்தை ஒரே வளாகத்தில், எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். நான் டிப்ளமா படித்தபோது இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஆர்வம் தாங்காமல் அவளுக்கு விளக்கினேன். ஆம்லா பக்கத்து ஆர்ச் பாலங்களில் முப்பது வருடத்துக்கு முன் நான் பார்த்த வெடிப்பு வரைக்கும் போய்விட்டேன் போலிருக்கிறது. "சரி, புரிஞ்சுது. முதல்ல கட்டினவன் புத்திசாலி, அடுத்தவன் படிச்சவன்" என்று முடித்தாள்.

மசூதியின் தாழ்வாரத்துத் தூண்கள் கோயில் தூண்கள். இருபத்தேழு கோயில்களின் கல்லை எடுத்துக் கட்டியதாகக் கிழக்கு வாசலில் இருக்கும் கல்வெட்டே சொல்கிறது. நிழலில் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. கையை நீட்டி ஒரு தூணைத் தொட்டாள். காவலாளி, "மாதாஜி, சூனா மனா ஹை" என்று ஓடிவந்தார். நான் கண் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "தீரே ஸே" என்று சொல்லி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். விரலால் தடவிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். "சங்கிலி. சங்கிலியில தொங்குது மணி." குனிந்து பார்த்தேன். தூண் நெடுகக் கல் சங்கிலி, அதன் நுனியில் கல் மணி. "இது எந்தக் கோயிலுக்குன்னு நினைச்சுச் செதுக்கினானோ" என்றாள். அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை.

முற்றத்தின் நடுவில் இரும்புத் தூண். உயரம் 7.2 மீட்டர், எடை ஆறு டன்னுக்கு மேல், வயது சுமார் 1600 வருடம். அதில் பொறித்திருக்கும் 'சந்திர' என்ற ராஜா இரண்டாம் சந்திரகுப்தர்தான் என்பது பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. வேறு ஊரிலிருந்து இங்கே கொண்டுவந்து நட்டது. துருவோடு காலமெல்லாம் சண்டை போட்ட எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒரு சவால். 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தில் உப்புக் காற்றில் வந்த துருவைச் சமாளிக்க என்ன பாடு பட்டார்கள்! கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப் பாலம் திறக்க வேண்டியதாயிற்று. இந்தத் தூணுக்குப் பெயிண்ட் கூடக் கிடையாது. ஐ.ஐ.டி. கான்பூரில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்து விளக்கம் சொன்னார். அந்தக் காலத்து இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேல்பரப்பில் மிக மெல்லிய படலம் ஒன்று உண்டாகி, அதுவே இரும்புக்குக் கவசமாகிவிடுகிறது. டில்லியின் வறண்ட காற்றும் ஒத்தாசை.

முன்பெல்லாம் தூணுக்கு முதுகைக் கொடுத்து நின்று, கைகளைப் பின்னால் வளைத்துக் கட்டிக்கொள்வார்களாம். இரண்டு கையும் சேர்ந்தால் நினைத்தது நடக்கும் என்று நம்பிக்கை. லட்சக்கணக்கானவர் கை பட்டு மேல்பரப்பு தேய ஆரம்பித்ததால் 1997-ல் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

வேலியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். "84-ல வந்திருந்தா கட்டிப் பிடிச்சிருக்கலாம், இல்லே?"

"ஆமாம்."

"என் கை எட்டியிருக்காது. உங்க கை எட்டியிருக்கும்" என்றாள்.

50 நிமிடம் ஒதுக்கிய இடத்தில் மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அன்றைக்குப் பட்டியலில் பாக்கி இருந்த ஐந்து இடங்களும் ரத்து.

ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம் நல்லபடி நடந்தது. பால் பொங்கிற்று. கேசரியில் முந்திரி தாராளம். மயூர் விஹாரில் மெட்றாஸ் மாதிரியே தமிழ்க் குரல் கேட்கிறது என்பதைத் தவிர அன்றைப் பற்றி எழுத வேறில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, டைம் டேபிள்படி சரியாக, செங்கோட்டை வாசலில் போய் இறங்கினோம். கூட்டமே இல்லை. "பார்த்தாயா, சீக்கிரம் வந்ததன் பலன்!" என்றேன். கதவு சாத்தியிருந்தது. திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறை. இது ஊருக்கே தெரிந்த விஷயம். பதினோரு இடத்துக்கு நிமிடக் கணக்கில் நேரம் குறித்தவன், எந்த இடம் எந்தக் கிழமை மூடியிருக்கும் என்று பார்க்கவில்லை. (வாசகர்கள் குறித்துக்கொள்ளவும்: செங்கோட்டை திங்கள் விடுமுறை, ஆக்ராவில் தாஜ்மகால் வெள்ளி விடுமுறை.) ஷாஜகான் 1639-ல் ஆரம்பித்து 1648-ல் முடித்த கோட்டையின் மதிலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு கட்டத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இங்கே ஒரு சலுகை கேட்டேன். கோட்டைக்கு வடகிழக்கே சலீம்கட். ஷேர்ஷாவின் மகன் 1546-ல் கட்டிய சிறு கோட்டை. யமுனையைத் தாண்டி டில்லிக்கு ரயில் கொண்டுவந்தபோது, பாதையை அந்தக் கோட்டைக்கு ஊடாகவே வெட்டிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து ஆற்றின் மேல் போகும் பழைய இரும்புப் பாலம் 1866-ல் முடிந்தது. பன்னிரண்டு கண், மேலே ரயில், கீழே சாலை. பாலத்தோடேயே வாழ்ந்தவன் அதைப் பார்க்காமல் போகலாமா? "டில்லிக்கு வந்தும் பாலமா!" என்றாள். ஆனாலும் ஆட்டோவில் ஏறினாள்.

கீழ்த்தட்டில் இடுக்கிக்கொண்டு ஆட்டோ போயிற்று. பாதி வழியில் தலைக்கு மேல் ஒரு வண்டி வந்தது. கர்டர்கள் அத்தனையும் அதிர்ந்தன. பேச்சு கேட்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டி முழுவதும் கடக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆம்லா குவார்ட்டர்ஸ்ல ராத்திரி கேட்குமே, அதே சத்தம்" என்றாள்.

ஆட்டோவை அப்படியே அக்கரை வழியாக மயூர் விஹாருக்கு விட்டு, சாப்பிட்டு ஒரு சின்னத் தூக்கமும் போட்டுவிட்டு, மூன்று மணிக்கு ஹுமாயூன் சமாதிக்குப் போனோம். ஹுமாயூன் 1556-ல் நூலகப் படியில் சறுக்கி விழுந்து இறந்து போனவர். அவருடைய மனைவி ஹாஜி பேகம் கட்டுவித்தது இந்தச் சமாதி. தாஜ்மகாலுக்கு ஏறக்குறைய அறுபது வருடம் மூத்தது. இதைச் சொன்னதும், "அப்ப புருஷனுக்குப் பெண்டாட்டி கட்டினதுதான் முதல். நீங்க எனக்கு என்ன கட்டினீங்க?" என்றாள். "ஹவுசிங் லோன்" என்றேன்.

மேல்மேடைக்குப் போகும் படிகள் செங்குத்து. வெயிலிலிருந்து இருட்டுக்குள் ஏற வேண்டும். ஒவ்வொரு படியும் உயரம். முதல் படியில் காலை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள். "ஏறிடுவேன். இறங்கறப்போ ஓரம் தெரியாது. நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க." எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கீழே நிழலில் உட்கார்த்திவிட்டு மேலே போனேன்.

இருபது நிமிடத்தில் இறங்கி வந்தேன். "என்ன இருந்தது?" என்றாள்.

"இரட்டை டோம். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் வெற்றிடம். வெளியிலிருந்து பார்த்தால் கம்பீரமாக உயரம் வேண்டும். அதே உயரம் உள்ளே இருந்தால் அறை கிணறு மாதிரி ஆகிவிடும். அதனால் இரண்டு. அப்புறம் கூரை. போன நூற்றாண்டில் ஒழுகலை நிறுத்துவதாக நினைத்துச் சிமெண்ட் கான்கிரீட்டை மேலே மேலே போட்டிருந்தார்கள். ஆகா கான் அறக்கட்டளை பழுது பார்த்தபோது பத்து லட்சம் கிலோ கான்கிரீட்டைக் கையாலேயே பெயர்த்து இறக்கி, பழையபடி சுண்ணாம்புக் காரை போட்டார்கள். நானும் ஒரு பழைய ஆர்ச் பாலத்தில் சுண்ணாம்புக்கு மேல் சிமெண்ட் பூசி..."

"அது சரி. மேலே என்ன இருந்தது?"

எனக்குப் பதில் வரவில்லை. சமாதி என்ன நிறம்? எழுத்து ஏதாவது உண்டா? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இருபது நிமிடமும் அண்ணாந்து டோமைத்தான் பார்த்திருக்கிறேன். ஒன்றும் பேசாமல் மறுபடி படி ஏறினேன்.

இரண்டாவது தடவை அவள் குதுப்பில் பார்த்த மாதிரி, கீழிருந்து ஆரம்பித்தேன். வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு சிறிய சமாதி. நிஜமான கல்லறை அதற்கு நேர் கீழே, மண்ணில். அத்தனை பெரிய கூடத்தில் வேறு ஒன்றுமே இல்லை. கல் ஜன்னலில் தேன்கூடு போல் துளைகள். அவற்றின் வழியாகச் சாயங்கால வெயில் உள்ளே வந்து தரையில் அதே தேன்கூடாக விழுந்திருந்தது. ஒரு சின்னப் பெண் குழந்தை அந்த வெளிச்சக் கட்டங்களில் மட்டும் கால் வைத்துத் தாண்டித் தாண்டிப் போனாள். பக்கத்து அறைகளிலும் வெளியே மேடையிலும் வரிசையாகக் கல்லறைகள். யார் யாருடையதோ, பல ஹுமாயூனின் வம்சத்தார் என்கிறார்கள். 1857-ல் கடைசி மொகலாய பாதுஷா பகதூர் ஷா இங்கேதான் வந்து ஒளிந்திருந்து, பிடிபட்டார். மேடை ஓரத்தில் நின்றபோது நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து எஞ்சின் ஊதியது கேட்டது. கீழே அவள் புடவை மஞ்சளாகத் தெரிந்தது. அவளும் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள்.

இறங்கி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் குழந்தை எந்தக் கலர் கவுன் போட்டிருந்தது என்று கேட்டாள். நல்ல வேளை, பார்த்திருந்தேன். சிவப்பு.

ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். மதுரா தாண்டுவதற்குள் பெர்த் போட்டாயிற்று. சொட்டு மருந்து போடுவது என் வேலை. ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. போட்ட பிறகு சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடிய கண்ணோடு படுத்தபடியே, "உங்க காகிதத்துல இன்னும் எத்தனை இடம் பாக்கி?" என்று கேட்டாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பதினொன்றில் இரண்டுதான் அடித்திருந்தது. பாலம் பட்டியலிலேயே இல்லை.

"ஒன்பது" என்றேன்.

"அடுத்த தடவை செவ்வாய்க்கிழமையாப் பார்த்து டிக்கெட் போடுங்க" என்றாள்.